நிலையான வழிமாற்றத்தை நிரல்வழி அறிதல்: ஆய்வு மேற்கோள் இணைப்புகளைப் பேணுவதற்கான ஒரு நெறி

ஆய்வுச் சுருக்கம்

ஆய்வுக் கட்டுரைகளில் மேற்கோளாகத் தரப்படும் இணைய முகவரிகள் காலப்போக்கில் இடம்மாறுகின்றன. ஒரு பக்கம் நிலையாக இடம்மாறியதை வழங்கி 301, 308 ஆகிய நிலைக்குறியீடுகளால் அறிவிக்கிறது. இவ்வறிவிப்பைப் படித்து, பழைய முகவரியைப் புதியதாகத் திருத்தும் நிரலை எழுதுவது எளிது போலத் தோன்றும். எனினும், பெரும்பாலான நிரலகங்கள் வழிமாற்றங்களைத் தாமே பின்தொடர்ந்து இறுதிப் பக்கத்தை மட்டும் தருவதால், மாற்றம் நிலையானதா தற்காலிகமானதா என்னும் செய்தி நிரலாளர் கண்ணுக்குப் படாமல் போகிறது. வழிமாற்றச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகப் படிக்க வேண்டும் என்பதும், தொடக்கத்திலிருந்து இடையறாது வரும் நிலையான கண்ணிகளை மட்டுமே ஏற்க வேண்டும் என்பதும், அவ்வாறு கிடைத்த முகவரியையும் உள்ளடக்கச் சோதனைக்குப் பின்னரே பதிய வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். தமிழ் எழுத்துகளைக் கொண்ட முகவரிகளில் எழும் தனிச் சிக்கல்களும் இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நிலையான வழிமாற்றம், நிலைக்குறியீடு, இணைப்பு அழிவு, மேற்கோள் பேணல், பைத்தான், தமிழ் ஒருங்குறி முகவரி

1. முன்னுரை

அச்சு நூலை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பாண்டு, பக்க எண் ஆகியவற்றைத் தருகிறார். அந்நூல் நூலகத்தில் வேறோர் அடுக்கிற்கு மாற்றப்பட்டாலும் மேற்கோள் பிழைபடுவதில்லை; ஏனெனில் மேற்கோள் நூலின் அடையாளத்தைச் சுட்டுகிறதேயன்றி அது வைக்கப்பட்டுள்ள இடத்தைச் சுட்டுவதில்லை. இணைய மேற்கோளின் இயல்பு வேறு. அது பக்கம் இருக்கும் இடத்தையே அதன் அடையாளமாகக் கொள்கிறது. இடம் மாறினால் அடையாளமும் அழிகிறது.

இவ்வழிவின் அளவு ஆய்வுகளால் புலப்பட்டுள்ளது. ஜொனாதன் சிட்ரைன், கெண்ட்ரா ஆல்பர்ட், லாரன்ஸ் லெசிக் ஆகியோர் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோளாக வந்த இணைய முகவரிகளுள் ஏறத்தாழ 50 விழுக்காடு, முதலில் சுட்டப்பட்ட செய்தியைத் தரவில்லை எனக் கண்டறிந்தனர். ஹார்வர்டு சட்ட இதழ் உள்ளிட்ட சில ஆய்விதழ்களில் இவ்விழுக்காடு 70க்கும் மேல் இருந்தது. தீர்ப்பின் அடிப்படைச் சான்றையே திரும்பக் காண இயலாத நிலை இது.

தமிழாய்வும் இதற்கு விலக்கன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இல் தொடங்கிய இலங்கைத் தமிழரின் நூலகம் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆகியவற்றின் மின்பதிப்புகளை ஆய்வேடுகள் மேற்கோள் காட்டி வருகின்றன. இவற்றுள் தமிழ் இணையக் கல்விக்கழகம் முன்னர்த் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்னும் பெயருடன் இயங்கியது. நிறுவனத்தின் பெயர் மாறிய பின்னரும், பழைய ஆங்கிலப் பெயரின் எழுத்துகளைக் கொண்ட இணையப் பெயர் கைவிடப்படவில்லை. முகவரியை மாற்றாதிருத்தலே முதல் நெறி என்பதை வலையின் ஆக்குநர் டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே வலியுறுத்தியுள்ளார். மாற்றுவது தவிர்க்க இயலாததாகும்போது எஞ்சும் இரண்டாம் நெறியே நிலையான வழிமாற்றம். அதனை ஒரு நிரல் எவ்வாறு சரியாகப் படித்தறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2. நிலைக்குறியீடுகளும் அவற்றின் பொருளும்

உலாவியோ நிரலோ ஒரு முகவரியைக் கோரும்போது, வழங்கி தன் விடையின் முதல் வரியில் மூன்றிலக்க நிலைக்குறியீடு ஒன்றை அனுப்புகிறது. 200 என்பது கோரியது கிடைத்தது என்றும், 404 என்பது கிடைக்கவில்லை என்றும் பொருள்படும். 3 என்னும் இலக்கத்தில் தொடங்கும் குறியீடுகள், கோரிக்கையை நிறைவேற்ற மேலும் ஒரு செயல் தேவை என்பதைக் குறிக்கின்றன. வழிமாற்றமாயின், புதிய முகவரி 'லொக்கேஷன்' என்னும் தலைப்புப் புலத்தில் தரப்படும்.

3இல் தொடங்கும் குறியீடுகள் யாவும் வழிமாற்றங்கள் அல்ல. 304 என்பது 'முன்னர்ப் பெற்ற படி இன்னும் மாறவில்லை' என்று அறிவிப்பது. அதற்கும் இடமாற்றத்திற்கும் தொடர்பில்லை. எனவே 300 முதல் 399 வரையுள்ள எண்கள் அனைத்தையும் வழிமாற்றமாகக் கொள்ளும் நிரல் தொடக்கத்திலேயே பிழைபடும். நம் நோக்கிற்கு உரியவை ஐந்து குறியீடுகளே.

301: நிலையாக இடம்மாறியது.
302: தற்காலிகமாக வேறிடத்தில் உள்ளது.
303: விடையை வேறொரு முகவரியில் காண்க.
307: தற்காலிகமாக வேறிடத்தில் உள்ளது; கோரிக்கையின் முறையை மாற்றாதே.
308: நிலையாக இடம்மாறியது, கோரிக்கையின் முறையை மாற்றாதே.

ஐந்து குறியீடுகள் ஏன் தேவைப்பட்டன என்பதற்கு நெறிமுறையின் வரலாறே விடை. 1996இல் வெளிவந்த எச்டிடிபி 1.0 வரையறையில் 301, 302 ஆகிய இரண்டும் இருந்தன. படிவத் தரவை அனுப்பும் 'போஸ்ட்' முறைக் கோரிக்கைக்கு இக்குறியீடுகள் விடையாக வந்தபோது, உலாவிகள் பல அதனைப் பக்கத்தைப் பெறும் 'கெட்' முறையாக மாற்றிப் புதிய முகவரிக்கு அனுப்பின. வரையறை ஒன்றாகவும் வழக்கம் வேறாகவும் அமைந்தன. இக்குழப்பத்தை நீக்க 1997இல் 303ஆம், 1999இல் 307ஆம் சேர்க்கப்பட்டன. நிலையான மாற்றத்திற்கு அத்தகைய தெளிவைத் தரும் 308, சோதனை நிலையைக் கடந்து 2015இல் ஆர்.எஃப்.சி. 7538 ஆவணத்தின் வழியே முன்மொழிவுத் தரமாக வெளிவந்தது. இப்போது நடைமுறையிலுள்ள வரையறை, 2022இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 9110 ஆகும்.

ஆகவே நிலையான வழிமாற்றத்தைச் சோதிக்கும் நிரல் 301ஐ மட்டும் தேடினால் போதாது. 308ஐயும் தேட வேண்டும். இவற்றுடன் 'லொக்கேஷன்' புலம் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். கூகுளின் கோப்பேற்றச் சேவையில், இடைநின்ற ஏற்றத்தைத் தொடர்க என்னும் பொருளில் 308 வழங்கப்படுகிறது. அவ்விடையில் புதிய முகவரி இராது. எண்ணை மட்டும் நம்பும் நிரல் அத்தகைய இடத்தில் தடுமாறும்.

வரையறையின் மற்றொரு கூற்று நம் பொருளுக்கு இன்றியமையாதது. 301, 308 ஆகிய விடைகளைப் பெறும் மென்பொருள், தன்னிடமுள்ள பழைய இணைப்புகளைப் புதியவற்றால் நிலையாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஆர்.எஃப்.சி. 9110 கூறுகிறது. ஆயினும் மூன்று நிலைகள் அமையாவிடில் அப்பரிந்துரை வழக்கமாகப் புறக்கணிக்கப்படும் என்றும் அது சேர்த்துச் சொல்கிறது. மென்பொருள் இணைப்புகளைத் திருத்தும் பணியில் ஈடுபட்டிருத்தல், தொடர்பு பாதுகாக்கப்பட்டதாக இருத்தல், திருத்தப்படும் உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை அவ்வழங்கி நம்பத்தக்க உரிமையுடையதாக இருத்தல் ஆகியனவே அம்மூன்று. மேற்கோள் பட்டியலைப் பேணும் நிரல் முதல் நிலையை இயல்பாகவே நிறைவு செய்கிறது. பின்னிரண்டையும் நிரலாளர்தாம் உறுதிசெய்ய வேண்டும்.

3. நிரலகங்கள் மறைக்கும் செய்தி

உலாவியைப் பயன்படுத்துவோர்க்கு வழிமாற்றம் தெரியாதிருப்பதே வசதி. நிரலகங்களும் அவ்வசதியையே இயல்பான போக்காகக் கொண்டுள்ளன. பைத்தான் மொழியுடன் வரும் 'யுஆர்எல்லிப்' நிரலகம் ஒரு முகவரியைத் திறக்கும்போது வழிமாற்றங்களைத் தானே பின்தொடர்கிறது. இறுதியில் எந்த முகவரிக்கு வந்து சேர்ந்தோம் என்பதை அதனிடம் கேட்டறியலாம். ஆனால் வந்த வழியிலிருந்த மாற்றங்கள் நிலையானவையா என்பதை அவ்விறுதி விடை சொல்லாது. மேலும், 308ஐப் பின்தொடரும் திறன் பைத்தான் 3.11ஆம் பதிப்பில்தான் இதில் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய பதிப்புகளில் 308 ஒரு பிழையாகவே எழும்.

பரவலாகப் பயன்படும் 'ரிக்வெஸ்ட்ஸ்' நிரலகம் கூடுதல் செய்தியைத் தருகிறது. ஒவ்வொரு விடைக்கும் 'இஸ் பெர்மனன்ட் ரீடைரக்ட்' என்னும் பண்பு உண்டு. நிலைக்குறியீடு 301 அல்லது 308 ஆக இருந்து, 'லொக்கேஷன்' புலமும் இருந்தால் அது 'மெய்' எனக் காட்டும். தேவைக்கு உரிய பண்பு இதுவே எனினும், இதனைப் பயன்படுத்துவதில் ஓர் இடறல் உள்ளது. 'கெட்' கோரிக்கையில் நிரலகம் வழிமாற்றங்களைப் பின்தொடர்ந்து முடித்த பின்னரே விடையைத் திருப்பித் தருகிறது. அவ்விடை இறுதிப் பக்கத்தினுடையது. அதன் நிலைக்குறியீடு பெரும்பாலும் 200. அதனிடம் 'நீ நிலையான வழிமாற்றமா?' என்று கேட்டால் 'பொய்' என்ற விடையே கிடைக்கும். பட்டியலில் உள்ள ஆயிரம் முகவரிகளும் இடம்மாறியிருந்தாலும், ஒன்றும் மாறவில்லை என்று நிரல் அறிக்கை தரும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாமையால் இத்தவற்றைக் கண்டுபிடிப்பதும் அரிது.

இதனைத் தவிர்க்க இரு வழிகள் உள்ளன. முதலாவது, இறுதி விடையுடன் சேர்த்துவைக்கப்படும் 'ஹிஸ்டரி' என்னும் பட்டியலைப் படித்தல். கடந்துவந்த வழிமாற்ற விடைகள் யாவும் வரிசையாக அதில் இருக்கும். இரண்டாவது, 'அலவ் ரீடைரக்ட்ஸ்' என்னும் அளபுருவைப் 'பொய்' என அமைத்து, தானியங்கிப் பின்தொடரலை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கண்ணியையும் நிரலே தனித்தனியாகக் கோருதல். மேற்கோள் பேணலுக்கு இரண்டாவதே ஏற்றது. எந்தக் கண்ணியில் நிற்பது என்னும் முடிவு அப்போது நிரலின் கையில் இருக்கும்.

கட்டளை வரிக் கருவிகளுக்கிடையிலும் இவ்வேறுபாடு உண்டு. 'கர்ல்' இயல்பாக வழிமாற்றத்தைப் பின்தொடர்வதில்லை; பணித்தால் மட்டும் பின்தொடரும். 'டபிள்யுகெட்' இயல்பாகவே பின்தொடரும். ஆதலின், ஒன்றில் சரியாக இயங்கிய சோதனை மற்றொன்றில் வேறு முடிவைத் தரலாம்.

உள்ளடக்கம் தேவையில்லாமல் தலைப்புகளை மட்டும் கேட்கும் 'ஹெட்' முறை, வழங்கிக்கும் வலைப்பின்னலுக்கும் சுமை குறைந்தது. எனினும் சில வழங்கிகள் அம்முறையை ஏற்காமல் 405 என விடையளிக்கின்றன. அவ்விடத்து 'கெட்' முறையில் மீண்டும் கேட்டு, உள்ளடக்கத்தை இறக்காமல் தலைப்பை மட்டும் படித்துத் தொடர்பை முடித்துக்கொள்ளலாம்.

4. சங்கிலியும் இடையறாமையும்

வழிமாற்றம் எப்போதும் ஒரே படியில் முடிவதில்லை. பழைய முகவரி பாதுகாப்பான நெறிமுறைக்கு மாறும். அது புதிய இணையப் பெயருக்கு மாறும். அங்கிருந்து மொழித் தேர்வுப் பக்கத்திற்கு மாறும். இவ்வாறான ஒரு சங்கிலியைக் கற்பனையாகக் கொள்வோம்.

'அ' என்னும் முகவரி 301 என விடையளித்து 'ஆ'வைக் காட்டுகிறது.
'ஆ' 301 என விடையளித்து 'இ'யைக் காட்டுகிறது.
'இ' 302 என விடையளித்து 'ஈ'யைக் காட்டுகிறது.
'ஈ' 301 என விடையளித்து 'உ'வைக் காட்டுகிறது.
'உ' 200 என விடையளித்துப் பக்கத்தைத் தருகிறது.

மேற்கோளில் 'அ' இருக்கிறது. அதனை எதனால் மாற்றுவது? இறுதி முகவரியான 'உ'வே சரி என்று தோன்றலாம். சங்கிலியில் நிலையான மாற்றங்களே மிகுதி என்று வாதிடவும் கூடும். ஆனால் சரியான விடை 'இ' ஆகும். 'அ'வுக்குப் பதில் 'ஆ'வையும், 'ஆ'வுக்குப் பதில் 'இ'யையும் இனிப் பயன்படுத்தலாம் என வழங்கிகள் உறுதியளித்துள்ளன. 'இ'யோ, 'இப்போதைக்கு மட்டும் ஈக்குச் செல்க. இனியும் என்னையே கேட்க' என்கிறது. 'ஈ'யின் 301 உறுதிமொழி 'ஈ'யைப் பற்றியதேயன்றி 'இ'யைப் பற்றியதன்று. ஆகவே, தொடக்கத்திலிருந்து முதல் தற்காலிக மாற்றம் வரும் வரையுள்ள நிலையான கண்ணிகளை மட்டும் கடந்து அங்கே நிற்க வேண்டும். இதனை இடையறாமை விதி எனலாம்.

இவ்விதியின் பயனை டிஓஐ எனப்படும் மின்பொருள் அடையாளக் குறியில் தெளிவாகக் காணலாம். ஆய்விதழ்க் கட்டுரை பதிப்பகம் மாறினும் அதன் டிஓஐ மாறாது. டிஓஐ தீர்வகம், கட்டுரை அந்நேரத்தில் இருக்கும் பதிப்பக முகவரிக்கு 302ஆல் வழிமாற்றுகிறது. தற்காலிகக் குறியீடு இங்குத் தவறாக வந்ததன்று. 'பதிப்பக முகவரி மாறக்கூடியது. என் முகவரியே நிலையானது' என்பதே அதன் பொருள். இறுதி முகவரியை எடுத்துப் பதியும் நிரல், நிலைத்த அடையாளத்தை நீக்கிவிட்டு நிலையாத இடத்தைப் பதிக்கிறது. மேற்கோளைக் காக்க எழுதப்பட்ட நிரலே அதனை அழிப்பதாக முடியும். இடையறாமை விதியைப் பின்பற்றும் நிரலோ முதற் கண்ணியிலேயே நின்று டிஓஐயைக் காத்துவிடும்.

சங்கிலியைப் படிக்கையில் மேலும் மூன்று நுட்பங்களைக் கருத வேண்டும். முதலாவது, 'லொக்கேஷன்' புலத்தில் முழு முகவரி இருக்க வேண்டுமென்று பழைய வரையறை கூறியது; 2014இல் வந்த ஆர்.எஃப்.சி. 7231 சார்பு முகவரியையும் ஏற்றது. ஆகவே பெற்றதை, கோரிய முகவரியுடன் இணைத்து முழுமையாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, பக்கத்தின் உட்பகுதியைச் சுட்டும் துணுக்கு பழைய முகவரியில் இருந்து, புதியதில் இல்லையெனில், பழைய துணுக்கு புதியதற்கும் உரியது என்பது வரையறை. நீண்ட மின்பதிப்பில் குறிப்பிட்ட பாடலைச் சுட்டும் மேற்கோளில் இத்துணுக்கை இழப்பது பக்க எண்ணை இழப்பதற்கு ஒப்பாகும். மூன்றாவது, 'அ' 'ஆ'வையும் 'ஆ' 'அ'வையும் காட்டும் சுழல்கள் உண்டு. கண்ட முகவரிகளைக் குறித்துவைத்தும், கண்ணிகளின் எண்ணிக்கைக்கு வரம்பிட்டும் அவற்றைத் தவிர்க்கலாம். 'ரிக்வெஸ்ட்ஸ்' இயல்பாக 30 கண்ணிகளையும், 'யுஆர்எல்லிப்' 10 கண்ணிகளையும் வரம்பாகக் கொண்டுள்ளன.

5. தமிழ் எழுத்து முகவரிகளின் தனிச் சிக்கல்கள்

பழைய முகவரியும் புதிய முகவரியும் வேறானவையா என்று ஒப்பிடுவது ஆங்கில எழுத்து முகவரிகளில் எளிது. தமிழ் முகவரிகளில் அவ்வாறன்று. முகவரியில் தமிழ் எழுத்துகள் நேரடியாகச் செல்வதில்லை. விழுக்காட்டுக் குறியேற்றத்திற்கு உட்பட்டே செல்கின்றன. ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறிப்புள்ளியும் 3 பைட்டுகளாகும். ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியும் இரு பதினறும இலக்கங்களுமாக 3 எழுத்துகளாகும். 'தமிழ்' என்னும் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிப்புள்ளிகள் உள்ளன. எனவே அச்சொல் முகவரியில் 45 எழுத்துகளாக விரிகிறது.

பதினறும இலக்கங்களாக வரும் ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்திலும் சிறிய எழுத்திலும் எழுதலாம். இரண்டும் ஒரே பொருளுடையவை. எழுத்துச் சரமாக மட்டும் ஒப்பிடும் நிரல், உண்மையில் மாறாத முகவரியை மாறியதாகக் கருதும். இரண்டையும் ஒரே வடிவிற்குக் கொணர்ந்த பின்னரே ஒப்பிட வேண்டும்.

ஒருங்குறியின் இயல்பாக்கமும் இத்தகையதே. 'கொ' என்னும் எழுத்தை, ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறிப்புள்ளியாகச் சேர்த்தும் எழுதலாம். எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். பைட்டு வரிசையில் வேறுபடும். ஓகார, ஔகார உயிர்மெய்களுக்கும் இது பொருந்தும். ஒருங்குறி இவ்விரு வடிவங்களையும் நிகரானவை என வரையறுத்துள்ளது. இயல்பாக்கிய வடிவிற்கு வழிமாற்றும் வழங்கியின் 301 விடை, இடமாற்றத்தை அன்று, எழுத்துத் திருத்தத்தையே அறிவிக்கிறது. அதனை ஏற்பதில் தீங்கில்லை. ஆனால் அறிக்கையில் தனி வகையாகக் காட்டுவது நன்று.

சில வழங்கிகள் வரையறைக்கு மாறாக, 'லொக்கேஷன்' புலத்தில் தமிழ் எழுத்துகளின் பைட்டுகளைக் குறியேற்றமின்றி அப்படியே அனுப்புகின்றன. பைத்தானின் அடிப்படை எச்டிடிபி நிரலகம் தலைப்புகளை லத்தீன்-1 குறியேற்றமாகக் கொண்டு படிப்பதால், தமிழ்ச் சொல் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளாகச் சிதையும். அச்சரத்தை மீண்டும் லத்தீன்-1 பைட்டுகளாக்கி, யுடிஎஃப்-8 ஆகப் படித்தால் தமிழ் மீளும். 'ரிக்வெஸ்ட்ஸ்' தானாகப் பின்தொடரும்போது இத்திருத்தத்தைச் செய்துகொள்கிறது; தலைப்பை நாமே படிக்கும்போது நாமே செய்ய வேண்டும்.

'.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' போன்ற தமிழ்க் களப்பெயர்களோ குறியேற்றத்தில் வேறு வழியைப் பின்பற்றுகின்றன. அவை 'பியூனிகோட்' என்னும் வடிவில் ஆங்கில எழுத்துகளாகவே வலைப்பின்னலில் செல்கின்றன. முகவரியின் பெயர்ப் பகுதிக்கு ஒரு முறையும் பாதைப் பகுதிக்கு மற்றொரு முறையும் இருப்பதை ஒப்பீட்டு நிரல் அறிந்திருக்க வேண்டும்.

கலைச்சொல் ஒன்றும் மயக்கம் தரக்கூடியது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு தலைப்பிலிருந்து மற்றொரு தலைப்பிற்குச் செல்வதற்கு 'வழிமாற்று' என்றே பெயர். ஆனால் அது நெறிமுறை அளவில் நிகழும் வழிமாற்றம் அன்று. வழிமாற்றுப் பக்கத்தைக் கோரினால் வழங்கி 200 என விடையளித்து, இலக்குப் பக்கத்தின் உள்ளடக்கத்தையே தருகிறது. அதே விக்கிப்பீடியாவில் பாதுகாப்பற்ற நெறிமுறையில் கோரினால் பாதுகாப்பான முகவரிக்கு 301 கிடைக்கும். நிலைக்குறியீட்டைப் பார்க்கும் நிரலுக்குப் பின்னது மட்டுமே புலப்படும். பக்கத்தின் குறிமொழிக்குள் எழுதப்படும் தானியங்கிப் புதுப்பித்தலும், ஜாவாஸ்கிரிப்ட் வழியான வழிமாற்றமும் இவ்வாறே நிரலின் பார்வைக்கு அப்பாற்பட்டவை.

6. நிலையானது எனினும் ஏற்கத்தகாதவை

301 என்பது வழங்கியின் கூற்று. அது உண்மையா என்பது வேறு வினா. நான்கு நிலைகளில் அக்கூற்றை ஏற்றல் ஆகாது.

முதலாவது, ஒட்டுமொத்த வழிமாற்றம். தளத்தைப் புதுப்பிக்கும் நிருவாகி, பழைய பக்கங்களுக்கு உரிய புதிய பக்கங்களைத் தேடாமல், அனைத்தையும் முகப்பிற்கு 301ஆல் அனுப்பிவிடுவதுண்டு. நிரல் இதனை நம்பினால் நூறு வெவ்வேறு மேற்கோள்கள் ஒரே முகப்பு முகவரியாகிவிடும். எது எந்தக் கட்டுரையைச் சுட்டியது என்பதை அதன்பின் மீட்க இயலாது. பழைய முகவரி செயலிழந்திருந்தாலும், ஆவணகத்தில் அப்பக்கத்தைத் தேடுவதற்கு அதுவே திறவுகோல் என்பதை மறத்தலாகாது. இதனை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. அதே அடைவில் இருக்க வாய்ப்பில்லாத ஒரு பெயரைப் புனைந்து கோர வேண்டும். அதற்கும் அதே இலக்கு கிடைத்தால் வழிமாற்றம் ஒட்டுமொத்தமானது; ஏற்கத்தக்கதன்று. பாதுகாப்பான நெறிமுறைக்கு மாற்றும் வழங்கியும் புனைபெயரை வழிமாற்றும். ஆனால் அங்கு இலக்கும் அப்புனைபெயரையே கொண்டிருக்கும். ஆகவே வழிமாற்றம் நிகழ்ந்ததா என்பதைவிட, இலக்குகள் ஒன்றா என்பதே நோக்கத்தக்கது.

இரண்டாவது, கைமாறிய இணையப் பெயர். உரிமையாளர் புதுப்பிக்கத் தவறிய பெயரை வேறொருவர் வாங்கி, பழைய இணைப்புகளின் மதிப்பைத் தம் வணிகத் தளத்திற்குத் திருப்பக்கூடும். குறியீடு 301, தொடர்பும் பாதுகாப்பானது, எனினும் அவ்வழங்கிக்குப் பழைய உள்ளடக்கத்தின்மீது உரிமையில்லை. வரையறை கூறும் மூன்றாம் நிலை இங்கு இல்லாமற்போகிறது. இணையப் பெயர் மாறும் ஒவ்வொரு கண்ணியையும் மனிதப் பார்வைக்கு அனுப்புவதே தக்கது.

மூன்றாவது, இடைநின்று விடையளிக்கும் வலைப்பின்னல். விடுதி, வளாகம் முதலியவற்றின் பொது வலைப்பின்னல்கள், பயனர் உள்நுழையும் வரை, பாதுகாப்பற்ற கோரிக்கைகளைத் தம் நுழைவுப் பக்கத்திற்குத் திருப்புவதுண்டு. அவ்விடை உரிய வழங்கியிடமிருந்து வந்ததன்று. பழைய முகவரி பாதுகாப்பற்ற நெறிமுறையில் இருப்பின், அதன் பாதுகாப்பான வடிவத்தை முதலில் கோரிப் பார்க்க வேண்டும். அவ்வழியிலும் அதே இலக்கு கிடைத்தால் நம்பலாம்.

நான்காவது, தனிப்பயனர் முகவரி. அமர்வு எண், உள்நுழைவுப் பக்கம், கண்காணிப்பு அளபுரு ஆகியவற்றைக் கொண்ட இலக்குகள் கோரியவருக்கும் கோரிய நேரத்திற்கும் மட்டுமே உரியவை. அவை 301ஆல் வந்தாலும் மேற்கோளாகா.

7. நிரலின் படிநிலைகள்

மேற்கூறியவற்றைத் தொகுத்தால் நிரலின் அமைப்பு பின்வருமாறு அமையும்.

1. மேற்கோள் பட்டியலிலிருந்து முகவரியையும், அதனுடன் பதிந்துள்ள பக்கத் தலைப்பையும் எடுத்தல்.
2. தானியங்கிப் பின்தொடரலை நிறுத்தி, 'ஹெட்' முறையில் கோரல். 405 வரின் 'கெட்' முறையில் கோரல்.
3. விடை 301 அல்லது 308 ஆகவும், 'லொக்கேஷன்' புலம் உடையதாகவும் இருப்பின், இலக்கை முழு முகவரியாக்கி, தமிழ்க் குறியேற்றத்தைச் சீர்செய்து, துணுக்கைப் பேணி அடுத்த கண்ணிக்குச் செல்லல்.
4. விடை 302, 303, 307 ஆக இருப்பின் அங்கேயே நின்று, அக்கண்ணியின் முகவரியை வேட்பு முகவரியாகக் கொள்ளல். 200 வரினும் அவ்வாறே கொள்ளல்.
5. 404 வரின் பின்னர் மீண்டும் சோதிக்கக் குறித்தல். 410 வரின் பக்கம் நிலையாக நீக்கப்பட்டதென வழங்கியே அறிவித்துள்ளதால் ஆவணகப் படியைத் தேடக் குறித்தல்.
6. வேட்பு முகவரி பழையதிலிருந்து வேறுபடின், புனைபெயர்ச் சோதனை செய்தல். பக்கத் தலைப்பை ஒப்பிடல்.
7. இணையப் பெயர் மாறாமல், தலைப்பும் ஒத்திருந்தால் மாற்றத்தைப் பரிந்துரைத்தல். ஏனையவற்றை ஆய்வாளர் பார்வைக்கு வைத்தல்.
8. சில நாள் இடைவெளியில் மீண்டும் ஒருமுறை சோதித்து, முடிவு மாறாதிருந்தால் மட்டும் பதிதல்.
9. பழைய முகவரி, புதிய முகவரி, சோதித்த நாள், கடந்த கண்ணிகளின் குறியீடுகள் ஆகிய நான்கையும் பதிவேட்டில் நிறுத்தல்.

எட்டாம் படி மிகையன்று. வழங்கியின் அமைப்பைத் திருத்தும் நாளில் நிருவாகி தவறுதலாக 301ஐ இட்டு, மறுநாள் நீக்கிவிடக்கூடும். அவ்விடைவெளியில் ஒருமுறை மட்டும் சோதித்த நிரல் அத்தவற்றை நிலையாகப் பதித்துவிடும். உலாவிகள் 301 விடையைச் சேமித்துவைத்துக்கொள்வதால், திருத்திய பின்னரும் அவை பழைய வழிமாற்றத்தையே காட்டக்கூடும். ஆகவே உலாவியை மட்டும் கொண்டு சரிபார்ப்பது போதாது.

வழங்கியின் நலனும் கருதத்தக்கது. தமிழ் மின்னூலகங்கள் பல தன்னார்வலர் உழைப்பால் இயங்குபவை. ஒரே தளத்திற்குச் செல்லும் கோரிக்கைகளுக்கிடையே நிரல் இடைவெளி விட வேண்டும். 429 என்னும் குறியீடு வந்தால் கோரிக்கைகள் மிகுந்துவிட்டன என்று பொருள். 'ரீட்ரை ஆஃப்டர்' புலத்தில் கால அளவு தரப்பட்டிருப்பின் அதுவரை காத்திருத்தல் முறையாகும்.

8. முடிவுரை

நிலையான வழிமாற்றத்தைச் சோதித்தல் என்பது 301 என்னும் எண்ணைத் தேடுவதோடு முடிவதன்று. அவ்வெண் சங்கிலியின் எந்தக் கண்ணியில் வந்தது, அதனைச் சொன்ன வழங்கிக்கு அவ்வுரிமை உண்டா, சென்று சேர்ந்த பக்கம் மேற்கோளில் சுட்டிய பக்கந்தானா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே முகவரியை மாற்றலாம். முதல் வினாவுக்கு இடையறாமை விதி விடை தருகிறது. இரண்டாம், மூன்றாம் வினாக்களுக்குப் புனைபெயர்ச் சோதனையும் தலைப்பு ஒப்பீடும் உதவுகின்றன. எனினும் இறுதித் தீர்ப்பு ஆய்வாளருடையதே.

செயலிழந்த இணைப்பைப் படிப்பவர் அது செயலிழந்தது என்பதையாவது அறிவார். பழைய முகவரியைக் கொண்டு ஆவணகத்தில் தேடவும் இயலும். தவறாகத் திருத்தப்பட்ட இணைப்போ ஒழுங்காகத் திறந்து, வேறொரு பக்கத்தைச் சான்றாகக் காட்டும். முன்னதைவிடப் பின்னதே ஆய்வுக்குப் பெருந்தீங்கு. ஆதலின் ஐயமுள்ள இடத்தில் முகவரியை மாற்றாதிருப்பதும், மாற்றிய இடத்திலும் பழைய முகவரியைப் பதிவேட்டிலிருந்து நீக்காதிருப்பதும் இத்தகைய நிரல்களின் அடிப்படை நெறியாக அமைய வேண்டும்.